முனியாண்டி கையில் ஜப்பான் வாள்

லாலாங்மேட்டுத் தோட்டத்தை வீடு கட்டி விற்கிறவர்கள் வாங்கி, ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்து, லயத்து வீடுகளை உடைத்து, சனங்களைத் தார்ச் சடக்கோரத்து மலிவு வீடுகளுக்குக் குடிமாற்றியபோது, முனியாண்டி சாமியும் கூடவே லாரியில் வந்து புதுக் கொட்டகையில் இறங்கினார். கொட்டகைக்குக் கதவு வரும்வரை களவு போகாமல் இருக்கட்டும் என்று சாமி கையிலிருந்த வாளை மட்டும் பூசாரி சன்னாசி தன் வீட்டுக்கு எடுத்துப்போய் முன்கூடத்து அலமாரியின் மேல் வைத்தார். அன்று சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டைக் கடக்கிறவர்களுக்கெல்லாம் இடுப்பு தானாக வளைய ஆரம்பித்தது.

முதலில் வளைந்தவர் ரொட்டிக்காரர். ஆரனை அழுத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர், பூசாரி வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும், பிடரியில் யாரோ கைவைத்து அமுக்கியதுபோலக் குனிந்தார், குனிந்தபடியே போய்ச் சாக்கடையில் இறங்கினார், எழுந்து ரொட்டிகளைப் பொறுக்கித் துடைத்து வைத்துக்கொண்டு, "இந்த இடத்துல காத்து கொஞ்சம் கனமா இருக்குலா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின் தபால்காரர் குனிந்தார், காய்கறி லாரிச் சீனர் குனிந்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் முதுகுப்பை தலைக்குமேல் சரியக் குனிந்தார்கள், சேவல்கள் குனிந்தன, தெருநாய்கள் முன்கால்களை நீட்டிக் குனிந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை; கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். கேட்பதற்குப் பதிலாகப் பழகிக்கொண்டார்கள். குழம்புச் சட்டியோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் மூடியைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். தலைச்சுமைக்காரர்கள் நாலு வீடு முன்னதாகவே சுமையை இறக்கி இடுப்புக்கு மாற்றினார்கள். கல்யாண ஊர்வலம் வந்தபோது மாப்பிள்ளையின் தலைப்பாகையைத் தாடைக்குக் கீழே கைக்குட்டை போட்டு முடிந்தார்கள். பிணம் எடுத்தால் மட்டும், தூக்குகிறவர்கள் குனிந்தால் படுத்திருக்கிறவர் வழுக்கிவிடுவார் என்று பின்சந்து வழியாகப் போனார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒரு பெரிய மனிதர் அந்த வாசலில் தரை பார்க்கக் குனிந்ததில், இத்தனை பணிவான ஆளை நாம் கண்டதே இல்லை என்று தெருவே அவருக்கு ஓட்டுப் போட்டது.

இதெல்லாம் பழகிய பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புதுக் கொட்டகையில் முதல் பூசை. தோட்டத்துக் கோயிலில் யாரும் முயன்று குனிந்ததில்லை. சாமிமுன் வந்தால் உடம்பே விழும், எங்கள் முனியாண்டி அத்தனை துடியானவர் என்று அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பெருமை பேசியவர்கள் அவர்கள். அன்றும் கைகூப்பி நின்று இடுப்பு வளையட்டும் என்று காத்திருந்தார்கள். உறுமி அடித்தது, சாம்பிராணி புகைந்தது, சூடம் எரிந்தது, ஓர் இடுப்புகூட வளையவில்லை. நட்ட மரமாக நின்றார்கள். சாமி முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக வெறுங்கையை ஓங்கிக்கொண்டு அவர்களைப் பார்த்தது. சூடம் அணைந்தது.

"அப்ப இத்தன வருசமா நாம யாரக் கும்பிட்டோம்?" என்றாள் பூசாரிக்குப் பக்கத்து வீட்டு வெள்ளத்தாயி.

அவள் எதையும் மெல்லப் பேசத் தெரியாதவள். கொட்டகை முழுக்க அது கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வாள் யாருடையது என்பது தெரியாத கதையல்ல, தெரிந்தே மறந்த கதை. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆற்றுப் பாலத்தில் ஓர் அதிகாரி காவல் நின்றான். பாலத்தைக் கடக்கிற எவரும் அவனைக் குனிந்து வணங்க வேண்டும், குனிந்த அளவு போதாதென்றால் அறை விழும், குனியாவிட்டால் வாள் விழும். சன்னாசியின் அண்ணன் உடையப்பன் தலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு அந்தப் பாலத்தில் ஏறினார். மூட்டை சரிந்துவிடுமே என்று ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணம்தான். பின்னால் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சன்னாசி சின்னப் பிள்ளை, அவர் குனிந்துவிட்டார், பிழைத்துவிட்டார். சண்டை முடிந்து ஜப்பான்காரன் போட்டது போட்டபடி ஓடியபோது, ரப்பர்ப் பால் ஸ்டோரில் அந்த வாள் கிடந்தது. எரிக்க முடியாது, உடைக்கப் பயம், வெள்ளைக்காரனிடம் கொடுத்தால் அவன் இடுப்பில் கட்டிக்கொள்வான். சாமி கையில் கொடுத்துவிட்டால் அங்கேயே கிடக்கும், யார் மேலும் விழாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சிறையென்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். பிறகு வருசா வருசம் திருவிழாவுக்குமுன் பிடியைக் கழற்றி, புளிபோட்டுத் தேய்த்து, எலுமிச்சம்பழம் குத்தி, மாலை போட்டார்கள். பிறந்தவர்கள் அதன்முன் காது குத்திக்கொண்டார்கள். பேரன் பேத்திகளுக்கு அது முனியாண்டியின் வாளாகவே ஆகிவிட்டது.

பூசாரியின் மருமகள் மனோரஞ்சிதம் வேறு ஊர்ப் பெண், டவுனில் கான்வென்ட்டில் படித்தவள். முதுகை நிமிர்த்து, தலையை நிமிர்த்து என்று சிஸ்டர் கொலெத் அடிக்கோலால் முதுகெலும்பைத் தட்டித் தட்டி வளர்த்த பிள்ளை. அவள் நிறைமாதமாக இருந்தபோதுதான் வாள் வீட்டுக்கு வந்தது. முன்கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் வயிறு மடங்கக் குனிந்து, உள்ளே பிள்ளை உதைக்க, மூச்சு முட்டி அவள் சுவரைப் பிடித்துக்கொள்வாள். பெண் பிள்ளை பிறந்தது. குழலி என்று பேர் வைத்தார்கள். முப்பதாம் நாள் சாமி கும்பிட்டபோது மாமனார் தன் கையாலேயே பிள்ளை இடுப்பில் கறுப்பு அரைஞாண் கட்டினார். அதில் நடுவே துளை வைத்த ஒரு பித்தளைத் தகடு கோத்திருந்தது. சாமி பொருள், காத்துக் கறுப்பு அண்டாது என்றார். குட்டித் தட்டுபோல் அழகாகத்தான் இருந்தது.

பிள்ளை குப்புற விழவேண்டிய மாதம் வந்தது, போனது. தலை நிற்கவில்லை. தோளில் போட்டால் தலை முன்னால் கவிழ்ந்துகொள்ளும். மடியில் உட்கார வைத்தால் தாடை நெஞ்சில் புதைய, தன் தொப்புளுக்குக் கீழே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும். பாலுக்கு அழும்போதுகூட அது குனிந்தே அழுதது. நிமிர்த்திப் பிடித்துக் கையை எடுத்தால், பழக்கிய பிள்ளைபோல மெல்ல, ஒழுங்காக, மரியாதையாக மறுபடி தலை இறங்கும். அந்த மரியாதைதான் மனோரஞ்சிதத்துக்குத் தாங்கவில்லை. நோய் என்றால் அது அப்படி ஒழுங்காகவா இறங்கும்?

"டாக்டர்தான் சொன்னாரில்ல, சில பிள்ளைக்கு லேட்டாவும்னு," என்றான் அவள் புருசன் தனபாலன்.

"அதச் சொல்லும்போது அவர் குனிஞ்சுக்கிட்டே சொன்னாருங்க."

"பிள்ளையப் பாக்குற டாக்டர் வேற எப்படிச் சொல்வாரு? கூரையப் பாத்தா?"

வாள் இருக்கிற வீட்டில் இருந்தால்தானே இப்படி என்று அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார், பக்கத்து இருக்கைச் சீனத்திப் பாட்டி குனிந்து கொஞ்சினாள், தாய்வீட்டுக் கதவு திறந்ததும் எல்லாரும் வரிசையாகக் குனிந்து, "அடி என் தங்கமே" என்றார்கள். பிள்ளை முகம் ராசியான முகம் என்று அவள் தாய்க்குச் சந்தோசம். ஆனால் அங்கேயும் தலை நிற்கவில்லை. போன வழியே திரும்பி வந்தாள், மாதா சுரூபத்தையும் முனியாண்டி திருநீற்றையும் ஒரே டப்பாவில் வைத்து, இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். கும்பிடும்போது இடுப்பு வளைந்தால் திடுக்கிட்டு நிமிர்ந்தாள், யார் வளைத்தது என்று தெரியாததால்.

வாளைக் கொட்டகைக்குத் திருப்பிக் கொண்டுபோகத் தெருவில் ஒருத்தருக்கும் மனசில்லை. கொண்டுபோனால் மறுபடி இடுப்பு வளையும், வளைகிறபோது யாரைக் கும்பிடுகிறோம் என்று இந்த முறை தெரிந்துவிடும். ஆற்றில் போடலாம் என்றவனை, ஆறே குனிந்துவிட்டால் வெள்ளம் யார் வீட்டுக்கு வரும் என்று வெள்ளத்தாயி கேட்டாள். கடைசியில் கோயில் கமிட்டி கூடி, விற்றுவிடுவது, வந்த பணத்தில் சாமிக்குக் கல்லுக் கோயில் கட்டுவது என்று தீர்மானித்து, பினாங்கிலிருந்து மதிப்புப் போடுகிறவரை வரவழைத்தது. பழம்பொருள் கடை வைத்திருக்கும் நஜ்முதீன் நானா. சண்டைக்கால வாள் என்றால் கோலாலம்பூரிலிருந்துகூட அவரிடம்தான் வருவார்கள்.

அவர் வரும் முன்னாலேயே தெருவில் ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. அது போலி வாளாக இருக்கும். கமிட்டித் தலைவருக்குக் கோயில் பணம் போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. போலியென்று நானா வாயால் வந்துவிட்டால் அப்புறம் இடுப்பு எதற்கு வளையப்போகிறது? மனோரஞ்சிதம் மட்டும் அதைவிடப் பெரிதாக வேண்டிக்கொண்டாள். மெய்யோ பொய்யோ, இன்றைக்கே இந்த வீட்டைவிட்டுப் போகட்டும்.

நானா வாசலிலேயே வளைந்தார். ஆச்சரியப்படவில்லை. வளைந்தபடியே செருப்பைக் கழற்றி, பையிலிருந்து பூதக்கண்ணாடியும் சின்னச் சுத்தியலும் எடுத்துப் பாயில் உட்கார்ந்தார். வாளைச் சுற்றிக் கமிட்டிக்காரர்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் நெற்றி தரையைத் தேட, ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள்போல வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"குனிய வைக்கிறதுக்குத் தனி வெலை உண்டா நானா?" என்று கேட்டாள் வெள்ளத்தாயி.

"அதெல்லாம் வெலையில சேராதும்மா. என் கடையில ஒண்ணு இருக்கு, அது மழைக்காலத்துல முனகும். வாங்க வர்றவன் அதுக்கா காசு குடுப்பான்? இரும்பப் பாப்பான், எழுத்தப் பாப்பான், அவ்வளவுதான்."

உறையைப் பார்த்தார். கைக்காப்பில் செதுக்கியிருந்த செர்ரிப் பூக்களை நகத்தால் தடவினார். பிடியில் நூல் சுற்றுக்கு அடியில் தெரிந்த சொரசொரப்பான தோல் திருக்கைமீன் தோல்தான் என்றார், மட்டமானதில் அச்சுப்போட்ட தகரத்தை வைத்து வர்ணம் அடித்திருப்பார்கள் என்றார். பிடியின் மூங்கில் ஆணியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி எடுத்து, பிடியை உருவி, பிடிக்குள் மறைந்திருந்த இரும்பின் வால்பகுதியைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தார்.

"யா அல்லாஹ். இத யாரு தேச்சது?"

"வருசா வருசம் தேய்ப்போம். புளிபோட்டு," என்றார் கமிட்டித் தலைவர் பெருமையாக. "கண்ணாடி மாதிரி இருக்கா?"

"கண்ணாடி மாதிரித்தான் இருக்கு. இங்கதான் செஞ்சவன் தன் பேர வெட்டியிருப்பான். இந்த வால்ல இருக்கிற கறுப்புத் துருவப் பாத்துத்தான் வயசே சொல்றது, அத ஒருத்தனும் தொடமாட்டான். நீங்க துரு, பேரு, தேதி எல்லாத்தையும் ரசத்துக்குக் கரைக்கிற மாதிரிக் கரைச்சு ஊத்திட்டீங்களே."

"அப்ப போலியா?" பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன. ஒரு குரலிலும் வருத்தம் இல்லை.

"பொறுங்க." நானா பிடிக்கும் கைக்காப்புக்கும் நடுவே இருந்த மெல்லிய பித்தளைத் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். ஓரத்தில் பொடியாக ஓர் எண் வெட்டியிருந்தது. கைக்காப்பிலும் அதே எண். "மூணு கத்திய உடைச்சு ஒரு கத்தியா ஒட்டி விக்கிறவன் நெறையப் பேரு. நெசக் கத்தின்னா ஒவ்வொரு உறுப்பும் ஒரே எண்ணோட பொறந்திருக்கும். இந்தத் தகடு ரெண்டு இருக்கணும், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. இங்க ஒண்ணுதான் இருக்கு. மத்தது கிடைச்சு அதுலயும் இதே எண் இருந்தா, கண்ண மூடிக்கிட்டு நெசம்னு எழுதிக் குடுத்துக் கையோட வாங்கிக்கிட்டுப் போயிடுவேன். இல்லன்னா எனக்கு வேணாம். நீங்களே வெச்சுக்குங்க."

நானா அந்தத் தகட்டை எல்லாருக்கும் காட்டினார். உள்வாசலில் பிள்ளையோடு குனிந்து நின்ற மனோரஞ்சிதமும் பார்த்தாள். நடுவே துளை வைத்த, குட்டித் தட்டுபோன்ற தகடு.

பஸ் கண்டக்டர் குனிந்தது, டாக்டர் குனிந்தது, தாய்வீட்டு வாசலில் எல்லாரும் வரிசையாகக் குனிந்தது, ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றது. பிள்ளையின் முகத்துக்காக ஒருவரும் குனிந்திருக்கவில்லை. பிள்ளை இத்தனை மாதமும் தன் இடுப்பையே வணங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

தலையைத் திருப்பினாள். சன்னாசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா," என்றார்.

"மாமா, இது அந்தக் கத்தியில உள்ளதா?"

"வாய மூடு தாயி."

"தெரிஞ்சேவா கட்டுனீங்க? பச்சப் பிள்ளைக்கா?"

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை, மன்றாட்டுத்தான் இருந்தது. "எங்கண்ணனுக்குக் கழுத்து நல்லா நின்னுச்சு தாயி. எங்கம்மா அதச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பா, மூணாம் மாசமே நின்ன கழுத்துன்னு. குனியத் தெரிஞ்ச பிள்ள சாகாது. அது இடுப்புலயே இருக்கட்டும். எவன் வந்தாலும் எம்பேத்தி பொழச்சுக்குவா."

"அவன்தான் போயிட்டானே மாமா!"

"ஒருத்தன் போனா இன்னொருத்தன் வராமலா இருப்பான்?"

நிமிர்ந்து நில் என்று தட்டிய அடிக்கோல் அவள் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக நினைவுக்கு வந்தது. தான் காணாத, பாலத்தின்மேல் நின்ற அந்தக் கிழங்கு மூட்டையும் நினைவுக்கு வந்தது. அடுப்படிக்குள் போனாள். வெங்காயம் நறுக்கிய கத்தியை எடுத்தாள். பிள்ளையைக் கீழே குப்புறப் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கறுப்புக் கயிற்றை அறுத்தாள். தகடு சிமிந்தித் தரையில் உருண்டு, வழி தெரிந்ததுபோல முன்கூடத்துக்கு ஓடி, நானாவின் முழங்காலில் மோதி விழுந்தது.

நானா எடுத்துப் பார்த்தார். அதே எண்.

"நெசம்," என்றார்.

தகட்டை அதன் இடத்தில் செருகி, பிடியைப் பூட்டி, மூங்கில் ஆணியை அவர் தட்டி முடித்ததும் கூடத்திலிருந்த அத்தனை பேர் நெற்றியும் ஒரே சத்தத்தோடு தரையில் மோதியது. வாசலில் நின்றவர்கள் மண்ணில் விழுந்தார்கள். முழுசான வாள் குறைபட்ட வாளைப்போல இல்லை. அடுப்படியில் மனோரஞ்சிதமும் முட்டி மடங்கி விழுந்தாள், கன்னம் சிமிந்தித் தரையில் ஒட்டியது, கண்ணை மட்டுமே அசைக்க முடிந்தது. அந்தக் கண்ணுக்கு நேராகத்தான், குப்புறக் கிடந்த குழலி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, குலுங்கி, தள்ளாடி, தலையைத் தூக்கினாள். தூக்கிய தலையை இறக்கவில்லை. அம்மாவின் முகம் ஏன் அத்தனை கீழே கிடக்கிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ஈறு தெரியச் சிரித்தாள்.

நின்ற கழுத்து விழாது என்று பெண்கள் சொல்வார்கள். விழவில்லை.

நானா வாளைச் சாக்கில் சுற்றி, முட்டி போட்டபடியே வாசல்வரை இழுத்துப்போய், வேனில் ஏற்றினார். அது போவதைப் பார்க்கத் தெருவே இரண்டு பக்கமும் கூடிவிட்டது. போகட்டும், சனியன் ஒழியட்டும் என்று ஏசத்தான் வந்தார்கள். வேன் கிளம்பியதும் காற்றடித்த லாலாங் புல்லைப்போல வரிசை வரிசையாகச் சாய்ந்தார்கள். ரொட்டிக்காரர் சாய்ந்தார், கமிட்டித் தலைவர் சாய்ந்தார், எதையும் மெல்லப் பேசத் தெரியாத வெள்ளத்தாயி சத்தமில்லாமல் சாய்ந்தாள், கிழவர் சன்னாசி எல்லாருக்கும் முன்னதாகவே, வேன் வருமுன்னே, தானாகவே குனிந்துவிட்டார்.

மனோரஞ்சிதமும் குனிந்தாள். அவள் தோளில் குழலி இருந்தாள். அந்தத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மனிதர், நாய், சேவல் எல்லாம் மண்ணைப் பார்த்திருக்க, ஒரே ஒரு தலை மட்டும், மொட்டைபோட்டு இன்னும் முடி வளராத ஒரு சின்னத் தலை, எல்லாருக்கும் மேலே, வேனை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. எத்தனை தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். எவன் பார்த்தாலும் முதலில் அதுதான் தெரியும்.

வேன் தெருக்கோடிவரை போய்த் திரும்பி மெல்ல வந்தது. வாசலுக்கு நேரே வந்ததும் இன்னும் மெல்ல ஆனது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. மனோரஞ்சிதத்தின் வலது கை எழுந்தது. அவள் அதை எழுப்பவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வாள்தான் எழுப்பியது என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அப்போது அவளுக்குத் தெரியும், அந்தக் கையின் நடுக்கம் அவளுடைய நடுக்கம். கை பிள்ளையின் பிடரியைத் தேடிப் பிடித்தது. பூப்போன்ற பிடரி. குனிடி தங்கம், குனிஞ்சுக்கோ, அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை என்று உதடு முணுமுணுக்க, அவள் அமுக்கினாள்.

உள்ளங்கைக்குக் கீழே அந்தக் கழுத்து நின்றது.